செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்

அந்தக் கல் என்னிடம் வந்தது ஒரு போலீஸ் புகாரின் சாட்சியாக.

பழனிசெட்டிபட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் கிரானைட் பட்டறை இருக்கிறது. அண்ணனும் நானும் நடத்துகிறோம். வாடிக்கையாளரிடம் பேசுவது, லாரி பிடிப்பது, ஆள் அனுப்புவது எல்லாம் அண்ணன். எந்தப் பலகையில் மயிரிழை விரிசல் ஓடுகிறது, எது எண்ணெய் குடிக்கும், எது அடுப்படிக்குத் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது நான். திருச்சியில் ஜியாலஜி படித்தவள். உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் அதற்கு முன் அந்தப் படிப்பின் பெயரை யாரும் கேட்டதில்லை. "கல்லைப் படிக்கப் போறாளாம்" என்று சிரித்தவர்கள் வீட்டுச் சமையல் மேடைக்கெல்லாம் இப்போது நான்தான் கல் தேர்ந்து கொடுக்கிறேன். மற்ற விஷயங்களில் எப்படியோ, கல் விஷயத்தில் எனக்குத் தயக்கம் கிடையாது.

கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவர் எங்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசல்படிக்குக் கல் பார்க்க ஒரு நாள் காலையில் வந்தார். பார்த்து முடித்ததும் பைக் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே அதற்குள் இருப்பது கனமான பொருள் என்று தெரிந்தது.

"ஏம்மா, நீ கல்லு படிச்ச பிள்ளை. இது எந்த கிரஷர்க் கல்லுன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

விஷயத்தை அவரே சொன்னார். கடமலைக்குண்டுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அங்கே அண்ணன் தம்பி இருவருக்குப் பாகம் பிரித்த நிலம் அடுத்தடுத்து இருக்கிறது. அண்ணன் இறந்துவிட்டார். அவர் மனைவி தனியாகவே இலவந்தோப்பும் மக்காச்சோளக் காடும் வைத்து, இரண்டு மாடும் வளர்த்து விவசாயம் பார்க்கிறார். தம்பி கல் உடைக்கும் ஒரு கிரஷரில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். கிணற்றிலிருந்து போகும் தண்ணீர்க் குழாய் யார் வரப்பில் போக வேண்டும் என்று மதினிக்கும் கொழுந்தனுக்கும் வெகுநாளாகச் சண்டை. ஒருநாள் வாக்குவாதம் முற்றி, "உன் கொட்டகை எத்தனை நாளைக்கு நிக்குதுன்னு பாக்குறேன்" என்று தம்பி சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த அமாவாசையன்று முற்பகலில் மாட்டுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துக்கொண்டு இந்தக் கல் உள்ளே விழுந்திருக்கிறது. ஷீட்டுத் துண்டு விழுந்து கன்றுக்குட்டியின் காலில் காயம். சத்தம் கேட்டு ஓடிவந்த அந்தம்மா கண்ணில் பட்டது, பாதையில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்த கொழுந்தன்.

"கறுப்புக் கல்லு. அவன் வேலை பார்க்குறது கிரஷர்ல. அவனைத் தவிர வேற யாருன்னு அந்தம்மா ஒத்தக் கால்ல நிக்குது. அவன் கோயில்ல வந்து சத்தியம் பண்ணுறேங்குறான். கிரஷர்க் கல்லுதான்னு நீ சொல்லிட்டா எஃப்.ஐ.ஆர். போட்டுறலாம்."

பையிலிருந்து கல்லை எடுத்தேன். சின்னத் தேங்காய் அளவு. கையில் வாங்கியதும் கை ஒரு விரற்கடை தாழ்ந்தது. இந்த அளவுக் கருங்கல் என்ன கனம் இருக்கும் என்பது என் கைக்குப் பழக்கம். இது அதைவிட அதிகம். மேலெல்லாம் கரி பூசியது போல மங்கலான கறுப்பு. பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தியது போல ஆங்காங்கே குழிவு. எங்கேயும் கூரான விளிம்பு இல்லை. கிரஷரில் உடைபட்ட கல்லுக்கு விளிம்புகள் கத்தியாக இருக்கும்.

ஒரு மூலை மட்டும் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த சில்லும் பைக்குள் இருந்தது. அந்த உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெளியேதான் கறுப்பு. அந்தக் கறுப்பு நகத்தின் கனம்கூட இல்லாத ஒரு மெல்லிய தோல். உள்ளே வெளிர் சாம்பல் நிறம், அதில் வெள்ளி ஊசி முனைகள் போலப் பளபளக்கும் புள்ளிகள்.

மேஜை டிராயரில் கிடந்த காந்தத்தை அருகே கொண்டுபோனேன். கையிலிருந்து துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. நம் வருசநாட்டு மலைக் கருங்கல்லும் கொஞ்சம் காந்தத்தை இழுக்கும். ஆனால் இப்படிப் பாய்ந்து ஒட்டாது.

"ஏட்டையா, இது கிரஷர்க் கல் இல்லை."

"அப்ப ஆத்துக் கல்லா?"

"இந்த ஜில்லாக் கல்லே இல்லை. பூமியிலேயே இது கிடையாது. வானத்திலேர்ந்து விழுந்த கல்."

ஏட்டையா என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த அண்ணன் என் முழங்கையைத் தொட்டு ஓரமாக அழைத்தார்.

"போலீஸ் விவகாரம். தெரியலைன்னு சொல்லி அனுப்பு. நாளைக்கு நீ சொன்னது தப்புன்னு ஆனா நம்ம பேரு என்னாகும்?"

"தப்புன்னு ஆகாது."

"நீ இதுக்கு முன்னாடி எத்தனை பார்த்திருக்க?"

கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றைத்தான் பார்த்திருந்தேன். அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. மற்றதெல்லாம் புத்தகத்தில் படித்தது. ஆனாலும் ஆட்டுக் கூட்டத்தில் மான் நின்றால் மானை முன்பின் பார்க்காதவனுக்கும் அது ஆடு இல்லை என்று தெரியும். எனக்கு ஆடுகள் நன்றாகத் தெரியும். அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு லாரிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏட்டையாவிடம் கேட்டு, அந்தச் சில்லை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் பாலிஷ் மெஷினெல்லாம் தண்ணீர் ஊற்றி ஓடுகிறவை. இந்தக் கல்லில் இரும்பு உலோகமாகவே இருக்கிறது. தண்ணீர் பட்டால் துருவேறிவிடும். அதனால் உப்புத்தாளை மேஜைமேல் விரித்து, கையாலேயே தேய்த்தேன். முரட்டுத் தாள், அதைவிட மெல்லியது, அதைவிட மெல்லியது என்று மாற்றி மாற்றித் தேய்க்கத் தேய்க்க, அந்த முகம் தெளிந்துகொண்டே வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறப் பரப்பெங்கும் வட்ட வட்டமாகச் சின்ன உருண்டைகள். சில கசகசா அளவு, சில கேப்பை அளவு. அவற்றுக்கு நடுவே இரும்பு, கண்ணாடி போல மின்னியது. மூலைக்கு மூலை வெண்கல நிறத்தில் கந்தகம் கலந்த இரும்புத் துணுக்குகள்.

அந்த உருண்டைகளுக்குக் காண்ட்ரூல் என்று பெயர். கிரேக்க மொழியில் குருணை என்று பொருள். அவை இருப்பதால் கல்லுக்குக் காண்ட்ரைட் என்று பெயர். பூமியின் எந்தப் பாறையிலும் இந்தக் குருணை கிடையாது. சூரியனைச் சுற்றி வெறும் தூசியும் வாயுவுமாக இருந்த காலத்தில், பூமி என்று ஒன்று உருவாகும் முன்பே, அந்தத் தூசி உருகித் துளித் துளியாகி, மிதந்தபடியே உறைந்து போனவை. எது அவற்றை உருக்கியது என்று அடித்துச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. நானூற்று ஐம்பது கோடி வருஷத்துக்கும் மேல் வயதான துளிகள். நான் கடை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ வாஷ்பேசின் கல்லுக்கு ஓட்டை எந்த அளவு போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் ஏட்டையாவோடு அந்த ஊருக்குப் போனேன். அவர் பைக்கில் முன்னே போக, நான் என் ஸ்கூட்டரில் பின்னே. கடமலைக்குண்டுச் சந்தை தாண்டி, மூல வைகையின் மணலைப் பார்த்தபடி போய், ஒரு செம்மண் பாதையில் திரும்பினோம். இலவமரங்களில் காய் வெடிக்கிற பருவம். வேலி முள்ளெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

அந்தம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் எந்தக் கட்சி என்ற கேள்வி இருந்தது. ஏட்டையா என்னை அறிமுகப்படுத்தி, நான் சொன்னதைச் சொன்னார்.

"வானத்துல இருந்து விழுந்துச்சா?" அந்தம்மா மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "ஏந்தாயி, எனக்குக் காது குத்தி ரொம்ப வருசம் ஆச்சு. மறுபடியும் குத்த வந்திருக்கியா? அவன் எவ்வளவு குடுத்து உன்னைக் கூட்டியாந்தான்?"

"அக்கா, உங்க கொழுந்தனை நான் பார்த்ததுகூட இல்ல. ஓட்டையை மட்டும் காட்டுங்க."

காட்டினார். கூரையில் பானை வாய் அகலத்துக்கு ஓட்டை. அதற்கு நேர் கீழே மாட்டுத் தொட்டியின் கல் விளிம்பு சிதறியிருந்தது. அங்கே மோதித்தான் மூலை பெயர்ந்திருக்கிறது. ஏட்டையாவிடம் தூக்குக் குண்டு போல ஒரு கயிற்றில் பூட்டைக் கட்டித் தரச் சொன்னேன். ஏணியில் ஏறி ஓட்டையின் நடுவிலிருந்து தொங்கவிட்டார். பூட்டு தொட்டியின் காயத்துக்கு ஒரு சாண் மட்டுமே தள்ளி நின்றது.

"பாதையில நின்னு எறிஞ்சா கல்லு சாய்வா வரும். இது கிட்டத்தட்ட நட்டுக்குத்தா வந்திருக்கு. கொட்டகைக்கு மேல மரம்கூட இல்ல, ஏறி நின்னு போட."

அந்தம்மா மேலேயும் கீழேயும் பார்த்தார். உடனே விட்டுக்கொடுக்கிறவர் இல்லை.

"சரி, மேல இருந்து வந்துச்சுன்னே வச்சுக்குவோம். வானத்துல இருந்து வர்ற கல்லு நெருப்பா வரும்னு சொல்றாக. கீழ அம்புட்டு வைக்கோல் கெடந்துச்சு. ஒரு துரும்பு கருகல. நான் கையால எடுத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. அது எப்படி?"

கேள்வி கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும். எனக்கு உற்சாகமாகிவிட்டது. கல் காற்றுக்குள் நுழைகிற வேகத்தில் மேல் தோல் மட்டும் உருகும், உருகியதெல்லாம் காற்றோடு வழிந்து போய்விடும், அந்த நெருப்பு சில நொடிதான் என்று சொன்னேன். பிறகு காற்றே அதன் வேகத்தைத் தின்றுவிடும். கடைசியில் மொட்டை மாடியிலிருந்து போட்ட செங்கல் போலத்தான் விழும். கோடிக்கணக்கான வருஷம் வானத்துக் குளிரில் கிடந்த கல். அதன் உள்ளே சூடு ஏற நேரமே இல்லை.

"தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரியா?" என்றார் ஏட்டையா. அந்த உவமை பொருந்தவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

"கல்லு விழுறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா அக்கா?"

"வெடிச் சத்தம் கேட்டுச்சு. குவாரியில வெடி வைக்கிறாகன்னு நெனச்சேன். அப்புறம் குடுகுடுன்னு இடி உருளுற மாதிரி. அதெல்லாம் அடங்கி, நான் புல்லுக்கட்டைத் தூக்கி வச்சு, பாதி தூரம் நடந்து வந்த பெறகுதான் ஷீட்டு ஒடஞ்சது. அந்த வெடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "அன்னைக்கு அமாவாசை. அமாவாசைக்குக் குவாரியில வெடி கிடையாது. எனக்கும் லீவு. நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வண்டிய நிப்பாட்டுனேன்."

கொழுந்தன். நாற்பது வயதிருக்கும். வேலியைத் தாண்டி வராமல் அங்கேயே நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அது சரியாப் பொருந்துதுக்கா," என்றேன். "அந்தக் கல்லு ரொம்ப உசரத்துல வெடிச்சிருக்கு. சத்தம் முதல்ல வந்து சேர்ந்திருக்கு. வேகம் போன கல்லு அதுக்கப்புறம்தான் நிதானமா வந்து விழுந்திருக்கு. நீங்க பொய் சொல்லல. அவரும் பொய் சொல்லல."

பையிலிருந்து தேய்த்த சில்லையும் லென்ஸையும் எடுத்துக் கொடுத்தேன். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டி வைத்து, கல்லை அருகில் கொண்டுவரச் சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். சில்லைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"உருண்டை உருண்டையா இருக்கு. கேப்பையக் கொட்டி வச்ச மாதிரி."

"நம்ம ஊரு எந்தக் கல்லுலயாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?"

அவர் மறுபடியும் லென்ஸை வைத்துப் பார்த்தார். சில்லை என்னிடம் திருப்பித் தரவில்லை.

"இன்னொண்ணு சொல்றேன்," என்றேன். "மேல வெடிச்சா ஒரே துண்டா விழாது. பக்கத்துல எங்கனயாவது இன்னும் துண்டு கெடக்கும். தேடுவோம்."

அதை நான் எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது. கிடைக்காமல் போனால் என் பேச்சு அத்தனையும் காற்றில் போகும். ஆனால் சொல்லியாயிற்று. கம்பு நுனியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு மக்காச்சோளத் தாளுக்குள் இறங்கினேன். ஏட்டையா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பனியனோடு ஒரு பக்கம் தேடினார். அந்தம்மா தன் வரப்புக்குள். கொழுந்தனும் அவர் மனைவியும் தங்கள் வரப்புக்குள். தண்ணீர்க் குழாய் ஓடுகிற வரப்பை மட்டும் இரண்டு பக்கமும் யாரும் மிதிக்கவில்லை. என் காந்தத்தில் செம்மண்ணில் இருக்கும் கறுப்புப் பொடிதான் தாடி போல ஒட்டியது. ஒரு லாடம் கிடைத்தது. துருப்பிடித்த ஒரு நட்டு கிடைத்தது. வெயில் உச்சிக்கு வந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனார்கள்.

கொழுந்தன் மனைவி எனக்கும் ஏட்டையாவுக்கும் டீ போட்டார். அவர்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே களத்தில் மக்காச்சோளம் குவித்து, நீலத் தார்ப்பாயால் மூடி, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலைக்கும் கல் வைத்திருந்தார்கள். மூன்று மூலையில் செம்மண் ஏறிய காட்டுக் கல். நான்காவது மூலையில் கறுப்பாக ஒன்று.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். குனிந்து காந்தத்தை நீட்டினேன். டக் என்று ஒட்டியது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"அதா?" கொழுந்தன் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எங்க மொளகாச் செடிக்குள்ள கெடந்துச்சுக்கா. ரெண்டு செடிய முறிச்சுப் போட்டுருந்துச்சு. எவனோ பறவைய அடிக்க எறிஞ்சதுன்னு நெனச்சேன். தூக்குனா நல்ல பாரமா இருந்துச்சு. பாரத்துக்கு ஆகுமேன்னு எடுத்தாந்து வச்சேன்."

ஏட்டையா ஓடிவந்தார். கொழுந்தன் வந்தார். நான் அந்தம்மாவைக் கூப்பிடவில்லை. அவரே வந்தார், அந்த வரப்பை மிதித்துத் தாண்டி. ஏட்டையா மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்த கல்லையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே தோல், ஒரே குழிவு. தார்ப்பாய்க் கல்லின் ஓரத்தில் ஒரு சின்ன சிராய்ப்பு. அதற்குள் அதே சாம்பல் நிறம், அதே வெள்ளிப் புள்ளி.

 தன் மிளகாய்ச் செடியைத் தானே கல்லெறிந்து முறிக்கிற ஆள் எந்த ஊரிலும் கிடையாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்தம்மாதான் முதலில் பேசினார். கொழுந்தனைப் பார்க்காமல் ஏட்டையாவிடம். "யாரும் எறியல. மேல இருந்து வந்திருக்கு. அப்படியே எழுதிக்கங்க." பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினார். "ஓட்டை போட்டது நீ இல்ல. ஆனா ஏறி ஷீட்டு மாத்துறதுக்கு எனக்கு வேற ஆம்பள யாரு இருக்கா? நாளைக்கு வந்து மாத்து."

"புது ஷீட்டு வாங்கியாரவா மதினி, இல்ல எங்க வீட்டுல பழசு ஒண்ணு கெடக்கு..."

"பழசை நீயே வச்சுக்க. எனக்குப் புதுசு."

அவ்வளவுதான் அவர்கள் சமாதானம். தண்ணீர்க் குழாய்ச் சண்டை தீரவில்லை. இன்றைக்கும் தீரவில்லை என்றுதான் கேள்வி. ஆனால் மறுநாள் கொழுந்தன் ஷீட்டோடு போனார். கன்றுக்குட்டிக்கு மருந்து கட்ட மாட்டு டாக்டரை அழைத்து வந்ததும் அவர்தான் என்று ஏட்டையா சொன்னார்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. யாரோ ஒருவர் கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிட வேண்டும் என்றார். இன்னொருவர் இதை வெளிநாட்டுக்கு விற்றால் ஊரே பணக்கார ஊராகலாம் என்றார். விண்கல் விழுந்தால் அரசாங்கத்தின் ஜியாலஜி ஆட்களிடம் ஒப்படைப்பதுதான் முறை என்று நான் சொன்னேன். அந்தம்மாவும் கொழுந்தனும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சியாக நின்றார்கள். "போலீஸ் பார்த்த கல்லு. முறைப்படியே போகட்டும்," என்றார் கொழுந்தன். "மஞ்சள் கிஞ்சள் பூசுனா இரும்பு துருப்பிடிக்கும்னு அந்தப் பிள்ளை சொல்லுது," என்றார் அந்தம்மா. சில நாளில் இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஓட்டை இருந்த இடம், மிளகாய்ச் செடி இருந்த இடம் எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்து, சில்லு உட்பட எல்லாவற்றையும் பொதிந்து எடுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் என் வயதுப் பெண். நான் தேய்த்த சில்லை லென்ஸில் பார்த்துவிட்டு, "கையாலயா பாலிஷ் பண்ணீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அன்று என்னோடு அந்த ஊருக்கு வந்திருந்த அண்ணன், "எங்க தங்கச்சி ஜியாலஜி படிச்சவ," என்று, முதல் நாளிலிருந்தே அவர்தான் என்னை நம்பியவர் போலச் சொன்னார்.

பல மாதம் கழித்து எனக்கு ஃபோன் வந்தது. அந்தப் பெண் அதிகாரிதான். ஆய்வு முடிந்துவிட்டது. கல் சாதாரண காண்ட்ரைட், எல் வகை என்றார். நான் எதிர்பார்த்ததுதான். அன்று வேலை முடிந்ததும் பிரியாணி வாங்கிப் போய் வீட்டில் எல்லோரோடும் சாப்பிட்டேன்.

ஆனால் அந்தம்மாவுக்குச் சொன்னபோதுதான் வம்பு வந்தது. தேனிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், அப்படியே பட்டறைக்கும் வந்திருந்தார். பெஞ்சில் உட்கார வைத்து, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன்.

"சாதாரணமா?" ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வானத்துல இருந்து வந்து என் கூரைய ஒடச்ச கல்லு சாதாரணமா? எந்த ஆபீசரு சொன்னது?"

"அது அதோட வகைப் பேருக்கா. விழுற விண்கல்லுல பெரும்பாலும் இந்த ஜாதிதான். அதனால அப்படிப் பேரு வச்சுட்டாங்க."

"அந்த எல்லுன்னா?"

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். "அதுல மூணு பிரிவு. இரும்பு அதிகமா இருந்தா ஹெச். கம்மியா இருந்தா எல். அதைவிடக் கம்மின்னா ரெண்டு எல்."

"ஆக, சாதாரணம். அதுலயும் இரும்பு கம்மி." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் குறை சொல்லிவிட்டுப் போனது போல.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவர் கேட்டது நியாயம்தான் என்று பட்டது. நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரும்பு கம்மி என்றாலும் அதில் இரும்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது என்றேன். கொஞ்சம் நிக்கல் கலந்த உலோகமாகவும் இருக்கிறது, கல்லுக்குள் கரைந்தும் இருக்கிறது. மீதி பச்சை சாயல் கொண்ட ஆலிவினும் அதன் உறவுக்காரக் கனிமம் பைராக்சீனும். நம் பூமியின் அடிவயிற்றிலும் இதே சரக்குதான். பூமி உருவானபோது எல்லாம் உருகி, இரும்பு அடிக்குப் போய், கல் மேலே வந்து பிரிந்துவிட்டது. இந்தக் கல் அப்படி உருகவே இல்லை. பூமி எந்த அரிசி பருப்பில் சமைக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், சமைக்காமல் மிஞ்சிய பிடி அரிசியைத்தானே பார்க்க வேண்டும்? அந்தப் பிடி இது.

"அது எங்கன இருந்துச்சு இம்புட்டு நாளா?"

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புதனா? என்ன தாயி சொல்ற? அமாவாசை வெள்ளிக்கிழமையில வந்துச்சு. ஏட்டுக்கிட்டக் கேளு."

கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்துவிட்டேன். செவ்வாய், வியாழன் என்பது கிழமை இல்லை, கிரகம் என்று சொன்னதும் அவரும் சிரித்தார். சோசியக்காரர் சொல்கிற குரு வியாழன்தானா என்று கேட்டார். அதேதான் என்றேன். அந்த இரண்டுக்கும் நடுவில் கோளாகச் சேர முடியாமல் போன பாறைகள் லட்சக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு பெரிய பாறை, சுமார் நாற்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன் இன்னொன்றோடு மோதித் தூள்தூளாக உடைந்தது. எல் வகைக் கற்களில் பல அந்த உடைசல்தான் என்கிறார்கள். ஜப்பான்காரர்கள் இதே போன்ற வேறொரு சிறு கோளுக்கு ஒரு கலத்தை அனுப்பித் தூசி எடுத்து வந்தார்கள். அந்தத் தூசியும் இதற்குத் தங்கை முறையான அந்த ரெண்டு எல் வகைக் கல்லும் ஒன்றாகவே இருந்தன. அதனால் நான் சொல்வது கதை இல்லை.

"நாப்பத்தேழு கோடி வருசமா அந்த உடைசல் விழுந்துக்கிட்டே இருக்கா?"

"இன்னும் விழும்."

அவர் கீழே வைத்திருந்த டம்ளரை மறுபடி எடுத்தார். பிறகு, "அந்தச் சண்டையில ஒடஞ்சது எங்க வீட்டுச் சண்டையில வந்து விழுந்திருக்கு," என்றார். அதில் பெரிய தத்துவம் எதையும் அவர் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு ஜூஸைக் குடித்து முடித்தார்.

போகும்போது, அந்த வகைப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடு என்று கேட்டார். 'சாதாரண காண்ட்ரைட், எல் வகை' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். முதல் சொல்லில் விரலை வைத்து, "இதை மட்டும் நான் ஊர்ல சொல்ல மாட்டேன்," என்றார். மற்றதையெல்லாம் சொல்லுங்கள் என்றேன். சந்தைப் பை கனக்க, வெயிலில் ரோட்டைக் கடந்து, ஆண்டிபட்டி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.